அட்டெஸ்டட் அண்ணன் உண்மையாக்கிய மூன்று பொய்கள்

பொய் சொன்னவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மாட்டாமல் மந்திரியானவர்களைக்கூட தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் தன் பெயரில் எழுதப்பட்ட பொய்யைப் பார்த்துப் பதறி, ஒன்றரை மாதம் உயிரைக் கொடுத்து உழைத்து, அதை உண்மையாக்கிக் காட்டிய ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பிரம்மச்சாரிகளுக்கு வாடகைக்கு விடப்பட்ட ஒரு கட்டடத்தின் மாடியில், ஏழாம் நம்பர் அறையில் குடியிருந்த அட்டெஸ்டட் அண்ணன்தான் அவர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைத் தபால்காரர் மட்டும்தான் பயன்படுத்தினார். எங்களுக்கெல்லாம் அவர் அட்டெஸ்டட்தான். தொண்ணூறுகளில் வேலைக்கு மனுப் போட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழ் நகல்களில் ஒரு அரசு அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, 'அட்டெஸ்டட்' என்று எழுதித் தர வேண்டும். அண்ணனுக்குத் தெரிந்த ஒரே பச்சை மை அதிகாரி அரசு கால்நடை மருத்துவமனை டாக்டர். மாதம் இரண்டு முறையாவது ஒரு கட்டு நகல்களோடு அங்கே போய் வரிசையில் நிற்பார்.

"இன்னைக்கு ஏன்ணே இம்புட்டு நேரம்?" என்று கேட்டால், "முன்னால ஒரு எருமை, பின்னால ரெண்டு ஆடு. எருமைக்குக் கொஞ்சம் சிக்கலான கேஸு" என்பார்.

நகலில் கையெழுத்து வாங்கினால் போதாதா? கையெழுத்து வாங்கிய நகலை இன்னொரு நகல் எடுத்து, அதிலும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். "ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருந்துச்சுன்னு நிரூபிக்க வேணாமாலே?"

சாணார்பட்டிப் பக்கத்து ஆள். பி.காம். படித்துவிட்டு ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். நான் எட்டாம் நம்பர் அறை. கல்யாணப் பத்திரிகையும் கடைத் திறப்பு நோட்டீசும் அடிக்கும் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன். அவருக்கு நான் 'ஏலே', மனசு குளிர்ந்திருந்தால் 'அப்பு'.

ஆதாரம் இல்லாத எதையும் அவர் நம்ப மாட்டார். கீழே மெஸ் நடத்திய அக்காவிடம் தினமும் இதே ரகளைதான். ஒருநாள் தட்டில் விழுந்த கூட்டைக் காட்டிக் கேட்டார்.

"அக்கா, இது இன்னைக்கு வச்ச வெஞ்சனமா?"

"இன்னைக்கு வச்சதுதாம்ப்பா."

"என்ன ஆதாரம்?"

"ஆதாரமா? கரண்டி கொதிக்குது. கைய நீட்டு, முத்திரை குத்தி விடுறேன்."

அவர் நிஜமாகவே கையை நீட்டினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இப்படிப்பட்டவர் ஒரு பெரிய மத்திய அரசு நிறுவனத்தின் அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதி, பாஸும் செய்துவிட்டார். அடுத்தது இன்டர்வியூ. அதற்கு முன்னால் நாலு பக்க ஃபாரம் ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். படிப்பு, பிறப்பு, தெரிந்த மொழிகள், விளையாட்டு, பொழுதுபோக்கு என்று ஆளையே உரித்துக் கேட்டிருந்தார்கள். அண்ணனுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் லாரி புக்கிங் ஆபீஸ்தான் கதி.

ஃபாரம் அனுப்பக் கடைசி நாளைக்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து "வாங்க சார், உக்காருங்க" என்று சொல்கிற காய்ச்சல். கடைசிப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுதி அனுப்பிருலே. ஒனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

அவர் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்திட்ட ஒரே காகிதம் அது.

நான் உட்கார்ந்து எழுதினேன். படிப்பு, மதிப்பெண் எல்லாம் அட்டெஸ்டட் நகல்களைப் பார்த்துச் சரியாக எழுதினேன். அப்புறம் வந்தது விளையாட்டு. ஏழாம் நம்பர் அறை ஆள் விளையாடி நான் பார்த்ததே இல்லை. காலியாக விட்டால் சென்னையில் இருக்கும் பெரிய மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? 'நீச்சல்' என்று எழுதினேன். பத்து நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் இருந்துகொண்டு நீச்சல் என்று எழுத எப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம். இரண்டோடு நின்றால் ஏழையாகத் தெரிந்தது. 'தெலுங்கு' என்று சேர்த்தேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்தேன். மேசையில், மருந்து குழைத்துக் கொடுக்க வாங்கிய தேன் பாட்டில் இருந்தது. 'தேனீ வளர்ப்பு' என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நகல் எடுத்து வைத்துக்கொண்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். நகல் எடுக்காமல் அனுப்பியிருந்தால் காய்ச்சலிலேயே எழுந்துவந்து அடித்திருப்பார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்டர்வியூ கடிதம் வந்தது. இன்னும் ஒன்றரை மாதத்தில் சென்னைக்கு வர வேண்டும். அதே இன்டர்வியூவுக்கு முன்பு போய்த் தோற்றுவந்த ஒருவர் புக்கிங் ஆபீசுக்கு வந்தபோது சொல்லியிருக்கிறார்: "அஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க. ஒரு மணி நேரம். ஃபாரத்துல என்ன எழுதியிருக்கோமோ அதத்தான் தோண்டுவாங்க. கிணறு வெட்டுற மாதிரித் தோண்டுவாங்க, தண்ணி வர்ற வரைக்கும்."

அண்ணன் நேராக என் அறைக்கு வந்தார். "ஏலே, அந்த ஃபாரம் நகலக் குடு."

கொடுத்தேன். முதல் பக்கம் படித்தார், தலையாட்டினார். இரண்டாம் பக்கம், தலையாட்டினார். மூன்றாம் பக்கத்தில் தலை நின்றுவிட்டது.

"இது யாருலே, நீச்சல் அடிச்சுக்கிட்டுத் தெலுங்குல தேனீ வளக்குறவன்?"

"நீங்கதாண்ணே."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சத்தமே இல்லாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தன் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். மேலே கண்டவை அனைத்தும் உண்மை, எதுவும் பொய்யெனத் தெரிந்தால் தகுதி நீக்கத்துக்கு உடன்படுகிறேன் என்று இருந்தது. ஒரு தேன் பாட்டிலைப் பார்த்து ஒரு மனுசனின் கடைசி வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனே!

"அண்ணே, நாலு புத்தகத்தப் படிச்சுட்டுப் போயிச் சமாளிச்சிரலாம்ணே. எல்லாரும் அப்புடித்தானே எழுதுறாங்க..."

"எல்லாரும் எழுதட்டும். என் கையெழுத்துக்கு மேல பொய் இருக்கக் கூடாது." கடிதத்தில் இருந்த தேதியை விரல் விட்டு எண்ணினார். "நாப்பத்தஞ்சு நாளு இருக்கு. நெசமாக்கிருவோம்."

"எதண்ணே?"

"மூணையும்."

முதலில் நீச்சல். நத்தம் பக்கம் அவருடைய தூரத்து மாமா ஒருவருக்கு மாந்தோப்பும், அதில் ஒரு கிணறும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாமா அவர் முதுகில் இரண்டு காலி எண்ணெய் டின்களைக் கட்டி, "குதி மாப்ள" என்றார். அண்ணன் கிணற்றின் விளிம்பில் நின்று, "மாமா, இந்தக் கயிறு தாங்கும்னு என்ன..." என்று ஆரம்பித்தார். 'ஆதாரம்' என்று முடிப்பதற்குள் மாமா தள்ளிவிட்டார்.

நாலு ஞாயிறு. கடைசி ஞாயிறன்று டின் இல்லாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனார். நீந்தினார் என்று சொல்ல மாட்டேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இறைத்தார், நடுவில் அவரும் போய்ச் சேர்ந்தார். மேலே ஏறியதும் முதல் வேலையாக ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சர்டிபிகேட் கேட்டார். மாமாவுக்கு எழுத வராது. அத்தை வந்து, யோசித்து யோசித்து எழுதினார். அதை நான் படித்தேன்: 'இவர் எங்கள் கிணற்றில் நாலு வாரம் விழுந்தார். சாகவில்லை.'

"போதும். உண்மையத்தான எழுதியிருக்காக" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

தெலுங்குக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. மெஸ் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒரே சிக்கல், அவர்கள் மற்ற நேரமெல்லாம் தமிழ்தான் பேசினார்கள். சண்டை வந்தால் மட்டும் தெலுங்கு. அண்ணன் நோட்டும் பேனாவுமாகச் சாப்பாட்டு மேசையில் காத்திருப்பார். சண்டை வராத நாளில் அவருக்குப் பாடம் தவறிவிடும். அதனால் அவரே மெதுவாகக் கொளுத்திப் போடுவார்.

"அக்கா, நேத்து ஒங்க வீட்டுக்காரரு சினிமாவுக்குப் போனாரு போல?"

அவ்வளவுதான். உள்ளே தெலுங்கு வெடிக்கும். அண்ணன் எழுதிக்கொள்வார். இப்படி ஒரு மாதத்தில் 'வாயை மூடு', 'உனக்குப் புத்தியில்லையா', 'உன்னைக் கட்டி என்ன கண்டேன்' என்பதுபோல நாற்பது வாக்கியங்களை அப்பழுக்கில்லாமல் பேசக் கற்றுக்கொண்டார். சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியாது. யாரும் யாரையும் அப்படித் தெலுங்கில் கேட்கவில்லை.

ஃபாரத்தில் சொந்த ஊர், மாவட்டம் என்றும் ஒரு இடம் இருந்ததே! திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு எத்தனை படி என்று கேட்டால்? ஒரு புத்தகத்தில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு. அண்ணன் நேரில் போய் எண்ணினார். ஏறும்போது எண்ணியதைவிட இறங்கும்போது ஏழு படி குறைந்தது. மறுநாளும் போனார். மறுபடியும் ஏழு குறைந்தது. மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து சோற்றைத் தொடாமல் யோசித்தார்.

"அந்த ஏழு படிய எவன்லே எடுத்துட்டுப் போறான்?"

இதெல்லாம் சும்மா. பெரிய வேலை தேனீதான்.

கன்னிவாடியில் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பதாக விசாரித்து, அவரைப் போய்ப் பிடித்தார். தோட்டக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தேனீய யாரும் வளக்க முடியாதுப்பா. அது பாட்டுக்கு வேலையப் பாக்கும். நாம எடைஞ்சல் பண்ணாமப் பக்கத்துல இருக்கலாம். அம்புட்டுதான்." அண்ணன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்து நாள் லீவு போட்டு அங்கேயே கிடந்து பழகினார். ஆறாம் நாள் சாயங்காலம், தேனீக்கள் அடைந்த பிறகு, ஒரு பெட்டியை இரவல் வாங்கி, வாசலைத் துணியால் அடைத்து, திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார்.

கண்டக்டர் வந்தார். "பெட்டியில என்ன?"

வேறு யாராக இருந்தாலும் 'சாமான்' என்று சொல்லியிருப்பார்கள். அண்ணன், "தேனீங்க" என்றார்.

"தேனா?"

"தேன் இல்ல. தேனீ. உசுரோட."

பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போனார். கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, "எத்தன இருக்கும்?" என்றார்.

"எண்ணல. தோட்டக்காரர் ஒரு பத்தாயிரம்னாரு. ஆனா அதுக்கு ஆதாரம் இல்ல."

பஸ் பாதிவழியில் நின்றது. அண்ணனையும் பெட்டியையும் மிகுந்த மரியாதையோடு இறக்கிவிட்டார்கள். மீதித் தூரத்தைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார்.

மொட்டை மாடியில் பெட்டி வைக்கப்பட்டது. ஒரு வாரத்தில் கீழே கரும்புச்சாறு கடைக்காரர் மேலேறி வந்தார். "ஏப்பா, ஒங்க தேனீ பூராம் என் கடையிலதான் ஒக்காந்திருக்கு. ஒரு ஆளு கிளாச எடுக்க முடியல."

"எங்க தேனீதான்னு எப்புடிச் சொல்றீக? ஊர்ல வேற தேனீ இல்லையா?"

கடைக்காரர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார். ஆனால் அண்ணன் அதோடு விடுகிற ஆளா? மெஸ்ஸில் ஒரு கை கோதுமை மாவு வாங்கிக்கொண்டு கரும்புச்சாறு கடைக்குப் போனார். உட்கார்ந்திருந்த தேனீக்கள்மேல் பூப்போல மாவைத் தூவினார். தூவிவிட்டு மூன்று மாடியும் மூச்சிரைக்க ஓடி வந்து பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். செத்த நேரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு தேனீ வந்து பெட்டிக்குள் நுழைந்தது. பின்னால் இன்னொன்று. மூன்று, நாலு.

இறங்கிப் போய்க் கடைக்காரரைக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க. எங்களோடதுதான்."

மறுநாளிலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். அது பழகும் வரைக்கும் ஒரு வாரம், வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும், கடை வாசலில் நின்று பனையோலை விசிறியால் தேனீயை விரட்டினார். 'கரும்புச்சாறு கடையில் விசிறி வீசுகிறார்கள்' என்று கூட்டம் கூடி, கடைக்காரருக்கு வியாபாரம் ஏறியதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் தினமும் எனக்கு ஒரு வேலை உண்டு. என் அறையில் நான்தான் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்க வேண்டும். இளகினால் கோபம் வரும்.

"இன்னுங் கடுமையாக் கேளுலே! என் மொகத்தப் பாத்துப் பாவப்படாத!"

பாவப்படாமல் எப்படி இருப்பது? அந்த முகத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதே என் பேனாதானே!

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருக்கு ஒரு திகில் பிடித்தது. ராணித் தேனீயை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

"புத்தகத்துல படம் இருக்கேண்ணே."

"படம் அட்டெஸ்ட் பண்ணதா?"

தலையில் கொசுவலையைச் சுற்றிக்கொண்டார். நான் தேங்காய் நாரைப் புகைய வைத்து நின்றேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது சட்டத்தில் அப்படியே சிலையானார். "ஏலே, பாத்துட்டேன்! நீளமா, பளபளன்னு... அது நடந்தா எல்லாம் வழி விடுதுலே, நம்ம மெஸ் அக்காவுக்கு விடுற மாதிரி!" சந்தோஷத்தில் இன்னும் கிட்டே பார்ப்பதற்காகக் கொசுவலையை விலக்கினார். ஒரு தேனீ, கடமை தவறாமல், அவருடைய வலது கண்ணுக்குக் கீழே கொட்டியது.

மறுநாள் காலையில் அந்தக் கண் இருந்த இடத்தில் ஒரு பணியாரம் இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூன்று கட்டு அட்டெஸ்டட் நகல்கள், அத்தை எழுதிய கிணற்றுச் சர்டிபிகேட், ஒற்றைக் கண். இவ்வளவோடும் சென்னைக்கு ரயில் ஏறினார். ஜன்னல் வழியாக அவருக்குக் கையாட்டிவிட்டு வந்து, மெஸ்ஸில் நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார். கண் பாதி திறந்திருந்தது. மெஸ்ஸில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். அங்கே ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் நடித்தே காட்டினார்.

ஐந்து பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவர்தான் தலைவர். முதல் கேள்வியே, "உங்கள் கண்ணுக்கு என்ன?"

"தேனீ கொட்டிருச்சு மேடம்."

அந்த அம்மா ஃபாரத்தைப் புரட்டினார். "ஓ, தேனீ வளர்ப்பு. எப்படி வளர்க்கிறீர்கள்?"

"அந்த வார்த்தையே தப்பு மேடம். வளக்க முடியாது. எடைஞ்சல் பண்ணாமப் பக்கத்துல இருக்கலாம்."

ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். ராணி, வேலைக்காரத் தேனீ, ஆண் தேனீ, கூட்டம் எப்போது பிரியும், புகை எதற்கு என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். கோதுமை மாவுக் கதையையும் சொன்னார். ஒருவர் தெலுங்குக்காரர். "தெலுங்கு தெரியுமா? ஏதாவது பேசுங்கள் பார்ப்போம்" என்றார்.

"எனக்குத் திட்ட மட்டும்தான் தெரியும் சார்."

"பரவாயில்லை, திட்டுங்கள்."

அண்ணன் தலைவரம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, எழுந்து நின்று, அந்த அதிகாரியைப் பார்த்து, "புத்தி லேதா நீக்கு?" என்றார். அதாவது, உனக்கு அறிவில்லையா? தெலுங்குக்காரர் நாற்காலி அதிரச் சிரித்து, "உச்சரிப்பு அப்படியே என் மனைவியுடையது" என்றாராம்.

இதைக் கேட்டு மெஸ் அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரத்தில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒல்லியான ஒருவர் கேட்டார்: "எத்தனை நாளாகத் தேனீ வைத்திருக்கிறீர்கள்?"

"முப்பத்தேழு நாளா சார்."

"ஃபாரத்தில் தேதி, ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முந்தியது."

"ஆமா சார்."

"அப்படியானால் கையெழுத்துப் போட்ட அன்று இது பொய்."

மெஸ்ஸில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. இத்தனை நாள் இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எதை வேண்டுமானாலும் உண்மையாக்கலாம். தேதியை என்ன செய்வது?

"என்னண்ணே சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னேன். ஆமா சார், அன்னைக்குப் பொய்தான். நீச்சலும் பொய், தெலுங்கும் பொய். கடிதம் வந்தப்பறந்தான் எனக்கே தெரியும்னேன். 'அப்ப யார் எழுதியது?'ன்னாரு அந்த ஒல்லி ஆளு. 'கையெழுத்து என்னுது சார். பொறுப்பும் என்னுது'ன்னேன். 'கீழே இருக்கும் விதி தெரியுமா'ன்னு அந்தம்மா கேட்டாங்க. 'தெரியும் மேடம். அதப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். வெளிய போகச் சொன்னா அது நாயந்தான். ஆனா இன்னைக்குத் தேதியில இந்த ஃபாரத்துல ஒரு பொய்கூட இல்ல. அம்புட்டுதான் என்னால முடிஞ்சது'ன்னேன்."

"அப்புறம்?"

"அந்தம்மா ஒரு தாள்ல என்னமோ எழுதுனாங்க. அதுக்கு ஒரு நகல் கெடைக்குமான்னு கேட்டேன். போகச் சொல்லிட்டாங்க."

எல்லோரும் எழுந்து போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். "என் பேரச் சொல்லியிருக்கலாம்லண்ணே. நான் எழுதுனதுதான நெசம்?"

"நெசந்தான். ஆனா அவுக ஒன்னையவா வேலைக்கு எடுக்கப் போறாக?" என்று சொல்லிவிட்டு என் தட்டைப் பார்த்தார். "சோத்தச் சாப்புடு அப்பு."

முடிவு வந்தது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலுக்குக் கீழே, காத்திருப்போர் என்று ஒரு குட்டிப் பட்டியல். அதில் முதல் பெயர் அவருடையது. மேலே இருக்கும் யாராவது ஒருவர் வேலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மத்திய அரசு வேலையை எந்த மடையன் வேண்டாம் என்பான்? நான் நாலு மாதம் சரியாகத் தூங்கவில்லை. தேர்வான முகம் தெரியாத ஒருவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்க வேண்டும் என்று ஊரில் இருக்கும் கோயில், தேவாலயம், தர்கா ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன். அண்ணனோ எதுவும் நடக்காதது மாதிரி மாலையில் மாடியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு முருங்கப்பூ வாசம் அடிக்குதுலே. யாரோ தோட்டம் வச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்த வாரம் தபால் வந்தது. அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்கு எங்கே வேலை கிடைத்ததோ, அண்ணனுக்கு நியமன உத்தரவு. நாங்கள் கத்திய கத்தலில் தேனீக்கள் வெளியே வந்து பார்த்தன. அண்ணன் மட்டும் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினார். டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தாராம். "இனிமே நீயே பச்சை மையில கையெழுத்துப் போடுற ஆளுப்பா. ஒன் வாசல்ல நாங்க வந்து நிக்கணும்."

பெட்டியைக் கன்னிவாடிக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்த முறை ஆட்டோ. பஸ்காரர்கள் அவரை மறந்திருக்கவில்லை. வட நாட்டில் ஏதோ ஒரு ஊரில் வேலை. கிளம்புகிற அன்று மெஸ் அக்கா தயிர்சாதப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, தெலுங்கில் என்னவோ நீளமாகச் சொன்னார். அண்ணன் விழித்தார். திட்டு இல்லை, அதனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. என்னைப் பார்த்து, "என்னலே சொல்றாக?" என்றார். எனக்கும் தெரியாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரயில் நிலையத்துக்கு நான் போனேன். ரயில் சரியான நேரத்துக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நம்பாமல் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் மெஸ்ஸில், "அச்சகத்துல இன்னைக்கு எம்புட்டு வேல தெரியுமா!" என்று வழக்கம்போல் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் இன்னொன்று சொன்னேன். அதையும் நம்பினார்கள். அந்த வாரம் முழுவதும் நான் என்ன சொன்னாலும் 'என்ன ஆதாரம்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு வெறுமையை அதற்கு முன்பு நான் அனுபவித்ததே இல்லை.